பதினாறு ஸ்பிரிங்குகளும் அப்பாவின் கையெழுத்தும்

"பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஸ்பிரிங்கின்ர பலம் எப்பிடித் தெரியும்? பேசாமல் ஹோம்வேர்க்கைச் செய் பிள்ளை" என்று அருளப்பன் அங்கிள் சொன்னபோது, என் கணக்கு நோட்டின் மேல் ஏற்கெனவே ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அமெரிக்காவில், டப்ளின் என்ற ஊரில் என்ஜின் பட்டறை வைத்திருந்தார். பள்ளிப் பேருந்து தினமும் என்னை அங்கேதான் இறக்கிவிடும், ஏனென்றால் அப்பாவுக்கு அங்கே வேலை. கோயம்புத்தூரில் பம்ப்செட் என்ஜின் பிரித்துக் கட்டிய அப்பா, பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை; தமிழில் தன் பெயரை மட்டும் எழுதுவார்.

அப்பா தனியாகக் கட்டிய முதல் கார் என்ஜின், ஃப்ரீவேயில் வேகம் ஏறியதும் "தும்மி"த் திரும்பி வந்திருந்தது. வால்வுகளை அழுத்தி மூடவேண்டிய ஸ்பிரிங்குகளுக்குப் பலம் போதவில்லை. "இன்னொரு தரம் இப்பிடி வந்தால், நீங்கள் திரும்பவும் என்ஜின் பாட்ஸ் கழுவுற தொட்டிக்குத்தான்" என்று சொல்லிவிட்டார் அங்கிள். வேலை முடிந்த என்ஜினோடு போகும் சீட்டில், கழுவுகிறவர் கையெழுத்துப் போட முடியாது. என்ஜினைக் கட்டியவர்தான் போடுவார்.

இரண்டாவது என்ஜினுக்கும் அப்பா ஊரில் செய்ததையே செய்தார். இரண்டு ஸ்பிரிங்குகளை நுனியோடு நுனி சேர்த்து, மேஜையில் பொருத்திய வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கினார். எது அதிகம் சுருங்குகிறதோ அது "சோனி". எதுவும் சோனியாக இல்லை.

"பதினாறும் ஒண்ணு போல இருக்குது கண்ணு!"

"ஒண்ணு போல சோனியா இருந்தா என்னப்பா பண்ணுவீங்க?"

அப்பா வைஸின் கைப்பிடியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, ஸ்பிரிங்குகளோடு வந்த ஆங்கில அளவுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். வால்வு மூடியிருக்கும் உயரத்தில் நூற்றுப்பத்து பவுண்டு அழுத்தம் வேண்டும் என்றிருந்தது அதில். அங்கிளின் அளவுக் கருவியில் வைத்து, அந்த உயரத்துக்கு அழுத்தினோம். முள் நூறில் நின்றது. அடுத்ததும் நூறு. அதற்கடுத்ததும் நூறுதான். பதினாறையும் அளந்து என் கணக்கு நோட்டில் எழுதினேன்.

ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய "ஷிம்" தகடு ஒன்று போட்டால், உயரம் குறைந்து அழுத்தம் கூடும். ஒன்று போட்டதும் நூற்றுப்பத்து வந்தது. "இன்னொண்ணும் போட்டுருவோம், கெட்டியா இருக்கட்டும்" என்றார் அப்பா. வால்வு முழுதாகத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று முட்டக்கூடாது என்று தாளின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். மனசே இல்லாமல் இரண்டாவது தகட்டை டப்பாவில் போட்டார்.

மறுநாள் அங்கிள் நோட்டைப் புரட்டி, மூன்று ஸ்பிரிங்குகளைத் தானே அளந்து பார்த்தார்.

"இது ஆற்ற எழுத்து?"

"எம்புள்ளயோடதுங்க."

"ஹோம்வேர்க் செய்யச் சொன்னால் என்ர வேலையையெல்லோ செய்து வச்சிருக்கு" என்றார். அந்த வாரமே என்ஜின் ஃப்ரீவேயில் தும்மாமல் ஓடியது. அவர் நீட்டிய சீட்டில், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அப்பா தன் பெயரைத் தமிழில் எழுதினார்.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அங்கே பல் மருத்துவமனை நடக்கிறது. வைஸ் மட்டும் எங்கள் கராஜில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி முடித்தவள் நான். போன திங்கட்கிழமை ஒரு பந்தய என்ஜின் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே பதினாறு ஸ்பிரிங்குகளை என்முன் வைத்தார்கள். பதினாறையும் அளந்து, தகடு போட்டு, சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன், தமிழில்.