சனிக்கிழமை ஆறு மணி

ரூபஸ் முதன்முதலில் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். "இது என்ன கோயிலா, போட்டுக்கிட்டே வாங்க" என்றேன். "இருக்கட்டுங்கக்கா, மீன் வாடை அடிக்கும்" என்றான். அப்படியொரு பிள்ளை. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், அக்காள்மடத்துக்காரன். ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன்.

நான் ராமநாதபுரத்தில் வக்கீல் காஜா நவாஸ் சாரிடம் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் டைப் அடித்துக் கேஸ் கட்டைக் கட்டிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. இப்போது எல்லாம் ஆன்லைன். மனுவை ஸ்கேன் செய்து ஏற்றுவது, வாய்தா தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, வீடியோ விசாரணைக்குக் கட்சிக்காரரைத் தலை வாரச் சொல்லி கேமரா முன்னால் உட்கார வைப்பது எல்லாம் நான்தான். மைக்கை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பேன். வாயை எப்போது மூட வேண்டும் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

ரூபஸ் கோர்ட்டில் கேட்டது ஒன்றே ஒன்று. மகளைப் பார்க்க வேண்டும். மகள் பெயர் ஜெர்லின், அப்போது இரண்டரை வயதிருக்கும். அவன் மனைவி ஜெயசுதா நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு காதல் கல்யாணம். குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் ரூபஸ் போன படகை எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடித்து, எல்லாரையும் சிறையில் போட்டார்கள். மறுபடி பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்று எச்சரித்து விட்டார்கள். அவன் திரும்பி வந்ததும் ஜெயசுதா "இனி கடல் வேண்டாம்" என்றாள். "எனக்கு வேற என்ன தெரியும்" என்றான் இவன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் விசாரணை மே மாதம் நடந்தது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் ரூபஸ் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை அப்பா முகத்தையே மறந்திருக்கும், முதலில் வீடியோ காலில் பார்த்துப் பழகட்டும், பிறகு நேரில் பார்க்கலாம் என்றார் நீதிபதி. தாய் தன் போனிலிருந்து கூப்பிட வேண்டும். பேசியதற்கும் பேசாததற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும்.

"வாரம் ஒரு நாள். சனிக்கிழமை மாலை ஆறு மணி. மனுதாரருக்குச் சம்மதம்தானே?"

ரூபஸ் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினான். "சரிங்கய்யா, சரிங்கய்யா."

ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான் கடல். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை காலையில் போகிற விசைப்படகு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கரை சேரும். இது அந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும், ரூபஸுக்கும் தெரியும். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் நங்கூரம் போட்டு நிற்கிறது. தடைக்காலத்தில் கடல்காரனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். மகளைப் பார்க்கலாம் என்ற சந்தோஷத்தில் கிழமை அவன் காதிலேயே விழவில்லை. எங்கள் சாரும் நானும் மேட்டு நிலத்துக்காரர்கள், எங்களுக்கு எங்கே தோன்றும்.

தடைக்காலம் முடியும்வரை நன்றாகத்தான் நடந்தது. ஜெர்லின் முதல் வாரம் அழுதாள். அடுத்தடுத்த வாரம் சிரித்தாள். ஜூன் பாதியில் படகுகள் கிளம்பின. வருகிற சனிக்கிழமையும் கடல்தான் என்று படகில் ஏறிய பிறகுதான் இவனுக்கு உறைத்தது. நடுக்கடலில் சிக்னல் எங்கே கிடைக்கும்.

தொடர்ந்து மூன்று சனிக்கிழமை போன் எடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட்டை வரிசையாக ஏற்றி, தகப்பனுக்கு அக்கறை இல்லை, இந்த அனுமதியை ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேட்டு மனுப் போட்டோம். படகு போனது சரி, அதில் இவர் ஏறினார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் அந்த வக்கீல்.

ஆதாரம்தானே, நான் கொண்டு வாரேன் என்று ரூபஸ் போனான். அடுத்த வாரமே போட்டோவைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றான். படத்தின் அடியிலேயே நாள், நேரம், இடம் எல்லாம் அச்சாகிற செயலியைக் கூட்டாளி ஒருவன் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமை, சரியாக ஆறு மணி. பின்னால் வலை, அதற்குப் பின்னால் கடல். பல்லெல்லாம் தெரிய ரூபஸ். எனக்கும் சந்தோஷம்தான். ஏற்றிவிடலாம் என்று ஸ்கேனர் பக்கம் திரும்பினேன்.

சார் அடியில் இடத்தைக் குறித்திருந்த எண்களைத் தன் போனில் அடித்து வரைபடத்தைத் திறந்தார். சிவப்புப் புள்ளி எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ஏலே, இது எங்கன எடுத்தது?"

ரூபஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இங்கன ஒண்ணுமில்ல சார். அங்கனதான் மீன் கெடக்கு."

"நீ மறுபடியும் எல்லை தாண்டினேன்னு நீயே கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கப் போறியா? பொஞ்சாதி வக்கீலு இத வச்சே உன்னைய முடிச்சு விட்டுருவாரு."

போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்தார். மகள் மேல் இவனுக்கு அக்கறை இருக்கிறது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டில் ஒரு எழுத்து பெயர்ந்து வந்துவிட்டது.

அந்தக் கோபமெல்லாம் ஜெயசுதா மேல். கூடக் குடும்பம் நடத்தியவளுக்குச் சனிக்கிழமை கடல் என்று தெரியாதா? தெரிந்துகொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த விசாரணையில் நீதிபதி அதையே அவளிடம் கேட்டார். நயினார்கோவிலில் சிக்னல் சரியில்லை. முகம் உறைந்து உறைந்து வந்தது. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"தெரியுங்கய்யா. தெரிஞ்சுதான் போடுறேன். கோர்ட்டு சொன்ன நேரம், நான் போடாம இருக்க முடியுமா? போன் போகவே போகாது. புள்ள 'அப்பா எங்க'ன்னு கேக்கும். போன தடவ புடிச்சுக்கிட்டுப் போனப்பவும் இப்படித்தான், போட்டுக்கிட்டே இருந்தேன், போகல. ஒவ்வொரு சனிக்கிழமையும் தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நாயித்துக்கிழமைக்கு மாத்துனா மட்டும் என்ன, அன்னைக்குக் கரைக்கு வருவாரான்னு யாருக்குத் தெரியும்? என்னால முடியலங்கய்யா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதில் சிரமம் ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். எங்கள் மனு ஜெயிக்கப் போகிறது. அதற்குள் ரூபஸ் கையை நீட்டி மைக்கைத் திறந்தான். நான் சொல்லிக் கொடுத்த மைக்.

"சனிக்கிழமையே இருக்கட்டுங்கய்யா. நான் இனி விசைப்படகுக்குப் போகல."

சார் மேஜைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினார். அவன் திரையில் உறைந்து நின்ற அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு தன் மாமா சவேரியாரின் நாட்டுப்படகில் சேர்ந்தான். கரையோரத் தொழில், கிடைப்பது பாதிகூட இல்லை. இளைத்துப் போனான். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் பார்த்து அரை மணி முன்னதாகவே போய் நிற்பானாம். ஒரு வாரம் நண்டு காட்டுவான், ஒரு வாரம் நட்சத்திர மீன். கடைசியில் ஒரு சின்னச் சங்கு. ஜெர்லினுக்கு அதுதான் பிடித்துப் போயிற்று. "அப்பா, சங்கு காட்டு" என்பாளாம் எடுத்த எடுப்பில். நேரில் பார்க்கும்போது கையில் தாரேன் என்று சொல்லி வைத்திருந்தான்.

ஒரு வருஷம் கழித்து நேரில் பார்க்க உத்தரவு வந்தது. கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று ஒரு அறை உண்டு. சுவரில் யானை, முயல் படம். ரூபஸ் புதுச்சட்டை போட்டு, சங்கைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தான். அன்றைக்கும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனான்.

ஜெர்லின் அவனைப் பார்த்ததும் அம்மா சேலைக்குள் போய்விட்டாள்.

"அப்பாதான்டி, பாப்பா. போ, அப்பாகிட்டப் போ" என்றாள் ஜெயசுதா. அவள் நிஜமாகவேதான் சொன்னாள்.

"இல்ல. அப்பா போன்ல இருக்காரு."

ரூபஸ் மண்டி போட்டுச் சங்கை நீட்டினான். குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவன் கிட்டப் போகப் போக அழுகை கூடியது. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த கோர்ட்டு அம்மா, இப்படியே அழுதால் இன்றைக்கு முடித்துவிட வேண்டியதுதான் என்றார். ரூபஸ் எழுந்து எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்தான். பிறகு வராந்தாவுக்குப் போய்த் தூணோரமாக நின்றுகொண்டு போனை எடுத்தான்.

உள்ளே ஜெயசுதாவின் போன் அடித்தது. ஜெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள்.

"அப்பா" என்று சிரித்தாள். "இங்க ஒரு மாமா வந்தாரு. நான் பயந்துட்டேன்."

"அப்படியா சாமி. பயப்படாத. அப்பா இருக்கேன்ல."

"சங்கு காட்டு."

அவன் காட்டினான். வராந்தாவில் பேசியது எங்களுக்கு இரண்டு முறை கேட்டது, கதவு வழியாக ஒரு முறை, போனில் ஒரு முறை. ஜெயசுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று கோர்ட்டு அம்மா சொன்னார். ஜெர்லின் திரைக்கு முத்தம் கொடுத்து, போனை அம்மாவிடம் தந்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தூணோரமாக நின்றவனைக் கண்டதும் அம்மாவின் மறுபக்கம் மாறிக்கொண்டு நடந்தாள். சங்கு அவன் கையிலேயே இருந்தது.