சர்க்கரை வாயும் கருநீலக் கோட்டும்

எங்கள் துணிக்கடையில் அவளைச் சர்க்கரை என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. சும்மா விலை கேட்க வந்தவளை இரண்டு பையோடு அனுப்புகிற வாய் அது. குண்டாக இருப்பவளிடம், "இந்தத் துணியெல்லாம் உங்களை மாதிரி ஆள் போட்டாத்தான் எடுப்பு" என்பாள். அடுத்து வரும் ஒல்லிக்குச்சியிடமும் அதையேதான் சொல்வாள். இரண்டு பேரும் நம்பிப் பணம் கட்டுவார்கள். பில் போடும் இடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஊர் உலகத்துக்கெல்லாம் பார்த்துப் பார்த்து உடுத்திவிட்டவள், தன் ஒரே மகளுக்குப் போட்டதெல்லாம் பழுதுத் துணி. பொத்தான் போனது, சாயம் இறங்கியது, தையல் பிரிந்தது. விற்காத அந்தக் கழிசடையை முதலாளி எங்களுக்குச் சும்மா கொடுப்பார். கொடுத்ததை வாரம் முழுக்கச் சொல்லியும் காட்டுவார். புருஷன் விட்டுவிட்டுப் போன வீட்டில் அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்தப் பெண்ணுக்கு இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முதல் நாளாவது பழுது இல்லாததா ஒண்ணு போட்டுட்டுப் போறேம்மா."

அந்த நேரத்தில்தான் முதலாளி கடையை மூடுவதாக அறிவித்தார். எல்லாம் பாதி விலை. விற்காமல் மிஞ்சுவதில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் சொன்னார். பெரிய வள்ளல்! அன்றைக்கே ஆளாளுக்கு ஒன்றை ஒளித்து வைத்தோம். நான் ஒரு போர்வை. சர்க்கரை ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டை அலமாரியில் திரைத்துணிச் சுருள்களுக்குப் பின்னால் செருகினாள். குற்றம் சொல்ல ஒரு நூல் கிடையாது அதில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்று மகளிடம் சொல்லியும் விட்டாள்.

வந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டுமே. செத்த வீட்டில் பாத்திரத்துக்கு அடித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் மாதிரி இழுத்தார்கள், மிதித்தார்கள், காலில் மிதிபட்டதைக் காட்டி இன்னும் குறைக்கச் சொன்னார்கள். முதலாளி அலமாரிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் அவற்றை வாங்கியவர்கள் வந்து நகர்த்தியதும், நாங்கள் ஒளித்ததெல்லாம் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

"எலி தோத்துச்சு போங்க உங்ககிட்ட" என்று முதலாளி என் போர்வையைத் தூக்கிப் பிடித்து, கடை முழுக்கச் சிரிக்க வைத்தார். நாசமாய்ப் போக. "எல்லாத்தையும் மேஜையில போடுங்க. விக்கணும்."

சர்க்கரை கோட்டை மேஜைக்கு எடுத்துப்போனபோது அவள் கையைப் பார்த்தேன். கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோல் ஒருமுறை அசைந்தது. மேல் பொத்தான் அவள் உள்ளங்கைக்குள் போனது. பழுது என்றால் எவளும் தொடமாட்டாள். மகள் வந்ததும் தைத்துக் கொடுத்தால் பழுதே இல்லை. கெட்டிக்காரி, பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாளும் பெண்ணும் வந்தார்கள். சர்க்கரையின் மகள் வயசுதான் அந்தப் பெண்ணுக்கும். கோட்டை மாட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேல் பொத்தான் இல்லையேம்மா."

"அதானே பாத்தேன். மூடுற கடையில நல்லது எங்க இருக்கப்போகுது? கழட்டு, போலாம்."

பெண் மனசில்லாமல் கழற்றி வைத்தாள். இருவரும் வெறுங்கையோடு வாசல் பக்கம் திரும்பினார்கள். சர்க்கரை சும்மா நின்றால் போதும். வாயை மூடுடி, வாயை மூடுடி என்று எனக்குள் அடித்துக்கொண்டேன்.

"நில்லுங்கம்மா" என்றாள் சர்க்கரை. "ஒரு பொத்தானுக்காகவா இவ்வளவு நல்ல கோட்டை விடுவீங்க? இதோ, இங்கதான் இருக்கு."

கையை விரித்துவிட்டாள். விரித்த பிறகுதான் அவளே அதைப் பார்த்தாள்.

"அப்படிப் போடு!" என்றார் முதலாளி.

சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி, அந்தப் பெண்ணுக்கு மறுபடி கோட்டை மாட்டிவிட்டு, நிற்க வைத்தே தைத்தாள். வாய் பழக்கத்தில் ஓடியது. "உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு பாப்பா. இதைப் போட்டுட்டு எங்க போனாலும் உன்னைத்தான் முதல்ல பாப்பாங்க."

நிமிர்ந்தால், வாசலில் அவள் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவளை உரசிக்கொண்டுதான் அந்தக் கோட்டு வெளியே போனது. பில் போட்டது நான்தான்.

மிஞ்சியது பொம்மை மேல் கிடந்த ஒரு பழுப்புக் கோட்டு. வெயில் பட்டு ஒரு தோள் வெளுத்திருந்தது. முதலாளி அதை உருவி, "இந்தா, உன் பங்கு" என்று சர்க்கரையிடம் வீசினார். மகள் வாங்கி மாட்டிக்கொண்டாள். சர்க்கரை அந்த வெளுத்த தோளைத் தடவினாள்.

"உனக்குன்னே தைச்ச..."

"என்கிட்ட வியாபாரம் பண்ணாதம்மா" என்றாள் மகள்.

குரலைக்கூட உயர்த்தவில்லை. பொத்தான்களைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் இருந்தன. போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். கூப்பிடப் போய்ச் சர்க்கரை வாயைத் திறந்தாள், ஆனால் சத்தம் வரவில்லை.