கார்கிலுக்கும் ஸ்கர்டுவுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு

ஹவுன்ஸ்லோவில் நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு குடும்பங்களும் இரண்டு தொலைபேசிகளும் இருந்தன. மேலே நாங்கள், கீழே கார்கில் அன்ரியும் அவருடைய கணவரும். வீட்டுக்காரர் ஒரே வீட்டைப் பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். வாசலையும் படிக்கட்டையும் மட்டும் அவரால் பிரிக்க முடியவில்லை.

அம்மாவும் அன்ரியும் விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தட்டில் அடுக்குகிற ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில் வேலை செய்தார்கள். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. அன்ரிக்குத் தமிழில் ‘பிள்ளை’, ‘வா’, ‘சாப்பிடு’ என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தை அந்தச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றிலேயே அடுக்கிவிடலாம். ஆனாலும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை இருவரும் வாய் ஓயமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை எங்களுக்குச் சொல்லுவார். கார்கில் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

அது மலைகளுக்கு நடுவில், ஆற்றங்கரையில் இருக்கும் சின்னப் பட்டணமாம். ஒரு காலத்தில் நாலு திசைப் பாதைகளும் அங்கேதான் வந்து கூடினவாம். காஷ்மீரிலிருந்து லடாக் போகிறவனும் லடாக்கிலிருந்து ஸ்கர்டு போகிறவனும் கார்கில் கடைத்தெருவில் குதிரையை அவிழ்த்துவிட்டு, ஓரிரவு தங்கித்தான் போவானாம். அன்ரியின் தகப்பனும் வியாபாரிதான். காய்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழத்தை மூட்டை கட்டி ஸ்கர்டுவில் விற்றுவருவார். ஒருமுறை போகும்போது ஏழு வயது மூத்த மகனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அன்ரி அப்போது தாயின் வயிற்றில் இருந்தார்.

அவர்கள் போன பிறகு சண்டை மூண்டது. சண்டை ஓய்ந்தபோது பாதைக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. கார்கில் இந்தியாவிலும் ஸ்கர்டு பாகிஸ்தானிலும் ஆகிப்போயின. ஐந்தாறு நாள் நடந்தால் சேரக்கூடிய ஊருக்கு அதன் பிறகு ஐம்பது வருடமாகப் பாதை இல்லை. தகப்பன் அங்கேயே செத்துப்போனார். மகன் அங்கேயே கிழவரானார். தாய் கார்கிலில் இருந்தார். அன்ரி தன் அண்ணனின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அன்ரியின் கணவர் மினிகாப் ஓட்டுபவர். எனக்குப் பத்து வயதாயிருந்த வருடம், சவுத்தாலில் அவருடைய காரில் ஏறிய ஒரு பயணி ஸ்கர்டுக்காரர். பேச்சுப் பேச்சாக வந்து, இறங்கும்போது அந்த மனிதர் அன்ரியின் அண்ணனுக்குத் தகவல் அனுப்பக்கூடிய தொலைபேசிக் கடை ஒன்றின் இலக்கத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்ரி அண்ணனோடு கதைத்தார். அதற்கு முன்பே தாயோடும் மாதம் ஒருமுறை கதைத்துக்கொண்டிருந்தார், அதுவும் கார்கில் கடைத்தெருவில் இருந்த ஒரு தொலைபேசிக் கடை வழியாகத்தான். தாயும் மகனும்தான் கதைக்க முடியாது. கார்கிலிலிருந்து அந்தப் பக்கத்துக்கு அழைப்புப் போகாது.

யோசனை அம்மாவுடையது. இரண்டு ரிசீவர்களையும் தலைமாறி ஒட்டிப் பிடித்தால், ஒன்றின் வாய் மற்றதன் காதுக்கு நேரே வரும். லண்டனிலிருந்து இரண்டு பக்கமும் எடுக்கலாம்தானே?

அப்பா குதித்தார். "உனக்கென்ன விசரே? எங்கட அகதிக் கேஸே இன்னும் முடியேல்லை. இஞ்ச இருந்து இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் லைன் குடுக்கிறம் எண்டு ஆரும் சொல்லிக் குடுத்தா, முதல் பிளேனிலயே ஏத்தி விட்டிடுவாங்கள்."

"என்ர அம்மாவோட கதைக்க யாழ்ப்பாணத்துக்கு லைனே இல்லை," என்றார் அம்மா. "ரெண்டு பக்கமும் லைன் இருக்கிற மனிசி கதைக்காமல் இருக்கிறதோ? நீங்கள் சும்மா இருங்கோ."

அப்பா சும்மா இருந்தார்.

எங்கள் தொலைபேசியை மேலிருந்தும் அன்ரியுடையதைக் கீழிருந்தும் இழுத்தபோது, இரண்டு வயர்களும் படிக்கட்டின் ஐந்தாவது படியில் சந்தித்தன. முதலில் ரிசீவர்களை என் தலைமயிர்ப் பட்டியால் கட்டிப் பார்த்தார்கள். வழுக்கியது. அன்ரி பிடித்தார், கை நடுங்கியது. அம்மா பிடித்தார், அழுகையில் அதுவும் சரிவரவில்லை. கடைசியில் என்னிடம் தந்தார்கள். எனக்கு அழ ஒன்றும் இல்லாததால் என் கை ஆடவில்லை. எங்களுக்குக் காலை பதினொரு மணி, ஸ்கர்டுவில் பின்னேரம் மூன்று, கார்கிலில் மூன்றரை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு எப்படி அரைமணி வித்தியாசம் வந்தது என்று நான் கேட்டேன். அன்ரி இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் மகனோடு கதைக்க மறுத்துவிட்டார். யாரோ கிழவன் பேசுகிறான், ரிசீவரை என் பிள்ளையிடம் கொடு என்று சத்தம் போட்டாராம். அன்ரி படியில் இருந்து சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு அந்தக் கிழவர் ஏதோ மெல்லச் சொன்னார். வீட்டில் அவரைக் கூப்பிடும் செல்லப் பெயராம். கார்கில் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தாய் கேள்விகளாகவே கேட்டார். சாப்பிட்டாயா, தலைக்குத் தொப்பி போட்டாயா, மற்றப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறாயா. ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கும் கேள்விகளுக்கு அறுபதை நெருங்கிய மகன் ஒழுங்காகப் பதில் சொன்னார். அன்ரி சொல்லச் சொல்ல அம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அந்தக் கோடையில் எல்லையில் மறுபடியும் அடிபாடு தொடங்கியது. மலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் அடிக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். கார்கிலில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். தாயை மேலே உள்ள கிராமத்துக்குப் போகச் சொல்லி அன்ரி கெஞ்சினார். அங்கே தொலைபேசி இல்லையே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தேடுவானே என்றாராம் அந்தத் தாய்.

அந்த ஞாயிறு நான் வழக்கம்போல ஐந்தாவது படியில் இருந்தேன். அன்ரி எனக்குக் கீழ்ப்படியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு இருந்தார். அம்மா மேலே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். தாய் ஏதோ கேட்டார், மகன் சிரித்தார். அப்போது கார்கில் ரிசீவரில் கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு சத்தம் வந்தது. தாய் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். இரண்டாவது சத்தம் ரிசீவரையே உடைப்பது போல வந்தது.

"ஷெல்! படு பிள்ளை, படு!"

அம்மா எப்படிப் படியிறங்கினார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் படியோடு அமத்தி மேலே விழுந்து கிடந்தார். என் பல் படியின் விளிம்பில் அடித்து உதடு கிழிந்தது. எங்கள் வாசல் கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. இரண்டு ரிசீவர்களும் படிகளில் உருண்டு கீழே போய்க் கிடந்தன.

ஒன்றில் சத்தமே இல்லை. மற்றதில் கிழவர் கத்திக்கொண்டிருந்தார். அன்ரி அதை எடுத்து, நான் அதற்கு முன்பு ஒருபோதும் கேட்டிராத குரலில் அண்ணனைத் திட்டினார். ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கமும் ஒரே வசனம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதன் அர்த்தம் அன்ரி அம்மாவுக்குச் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. "நிறுத்தச் சொல்லு, உன் ஆட்களை நிறுத்தச் சொல்லு!" என்று அன்ரி கத்தியிருக்கிறார். "சொல்கிறேன், சொல்கிறேன்" என்று அந்தக் கிழவர் அழுதிருக்கிறார். அவர் பட்டாளத்துக்காரர் அல்ல, தையல்காரர். யாரிடம் போய்ச் சொல்வார்?

கார்கில் தொலைபேசிக் கடைக்கு எத்தனை முறை எடுத்தும் மணி அடிக்கவில்லை. வாரம் முழுவதும் அன்ரி வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு, யாருக்காவது தகவல் தெரியுமா என்று கேட்க அன்ரியும் கணவரும் சவுத்தாலுக்குப் போயிருந்தார்கள். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொலைபேசி அடித்தது. கிழவர்தான், அன்ரி எங்கள் இலக்கத்தையும் அவருக்குக் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நாலு சொல்.

"மதர்? மதர் ஓகே?"

பள்ளிக்கூடத்தில் விழுந்து எழும்பினால், ‘ஓகேயா’ என்று ரீச்சர் கேட்பார், ‘ஓகே’ என்போம். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இருப்பது எனக்குத் தெரியாது.

"ஓகே," என்றேன். "மதர் ஓகே."

அவர் அழுதார். "தாங்க் யூ, பேட்டி" என்று பலமுறை சொன்னார். ‘பேட்டி’ என்றால் அவர்களுக்கு மகள். நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் நான் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கார்கிலிலிருந்து தப்பி வந்த உறவினர் ஒருவர் எங்கிருந்தோ அன்ரிக்கு எடுத்தார். கடையின் சுவர் அந்த இரண்டாவது சத்தத்தோடேயே விழுந்துவிட்டதாம். கடைக்காரரும் தாயும் உள்ளேயே முடிந்துபோனார்கள். அன்ரியின் ஓலம் பலகைச் சுவரைத் தாண்டி வந்தபோதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. கிழவரிடம் ‘மதர் ஓகே’ என்றதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு கீழே போய், நான் செய்ததை அன்ரிக்குச் சொன்னார்.

அன்ரி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் "பிள்ளை, வா" என்று மடியில் இருத்தினார். அப்படியே இருக்கட்டும், அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "தாய் செத்தது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாமோ? அழுறதுக்கு அந்தாளுக்கு உரிமை இருக்கெல்லோ?" என்று மேலே வந்து அம்மாவிடம் சொன்னார்.

கிழவர் அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தார். ஒவ்வொரு முறையும் "மதர் ஓகே?" என்று கேட்டார். ஓகே என்றோம். ஒருமுறை அன்ரி, ஒருமுறை அம்மா, பலமுறை நான். தாயோடு கதைக்க வேண்டும், லைன் கொடுங்கள் என்று அவர் ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை. கிழவியின் கேள்விகள் அவருக்கு அலுத்துப்போய்விட்டதாக்கும் என்று அப்போது நான் நினைத்தேன். பெற்ற தாயைக் கூப்பிடச் சொல்லி ஒருதரமாவது கேட்காத மனிதர்மீது எனக்குக் கோபம்கூட வந்தது.