பேச்சுக்கு முன்னால் வந்த பாட்டு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனபோது, டில்லி மருத்துவமனை ஒன்றில் ஒரு அம்மாளைச் சந்தித்தேன். எழுபது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் வெள்ளை ஷூ, கழுத்தில் தன்னார்வலர் அட்டை. தமிழ் நோயாளிகளுக்காக டாக்டர்களிடம் இந்தியில் பேச ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் வருவார். பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டில் இருக்க வேண்டுமென்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனாலும் ஒரு பாட்டாவது பாடாமல் எந்தக் கட்டிலையும் விட்டு நகரமாட்டார்.

"அப்பாவால பேச முடியாதும்மா" என்றேன்.

"பேச்சு வராட்டி என்ன? பாட்டு வருதான்னு பார்ப்போம். சின்ன வயசுல உன்னை எதைப் பாடித் தூங்க வைப்பார்?"

தாலாட்டுத்தான் என்றேன். அப்பாவின் கையைப் பிடித்துத் தாளம் தட்டியபடி அதைப் பாடினார். அப்பா வெறுமனே பார்த்தார். மறுநாளும் அப்படியே. எனக்கு நம்பிக்கை போயிற்று, அந்த அம்மாளுக்குப் போகவில்லை. ஆறாம் நாள் "ஆராரோ" என்று அவர் நிறுத்திய இடத்தில், "கண்ணே" என்று அப்பா எடுத்துப் பாடினார்.

"அச்சா! சபாஷ்!" என்று அந்த அம்மாள் கைதட்டினார். வார்டே சேர்ந்து தட்டியது. நான் அழுதுவிட்டேன்.

சென்ற மாதம் அந்த அம்மாள் காலமானார். நினைவுக் கூட்டத்தில், டில்லியில் பிறந்த பேத்தி பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பாட்டியைப் பற்றிப் பேசி முடித்ததும், யாரும் அழைக்காமலே அப்பா எழுந்தார்.

"எனக்குப் பேச்சு குடுத்தவங்க இவங்க" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசினார். இரண்டு இடத்தில் தடுமாறினார், நிறுத்தவில்லை.

அவர் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியாத ஒருவர் எழுந்தார். அவருக்குப் பின் இன்னொருவர். பேரப்பிள்ளைகளை ஒருநாளும் காக்கவைக்காத அந்த அம்மாளுக்கு இத்தனை பேருக்கும் எப்படி நேரம் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.