பலா மரத்தில் ஏறிய மணி பிளான்ட்

இந்தத் தீவில், மரைன் ஹில் என்ற மேட்டில் எனக்குப் படுக்க ஒரு வராந்தா கிடைத்தது ஒரு செடியின் புண்ணியத்தில்தான். அதற்கு முன் வண்டூர்ப் பக்கம் ரோடு போடும் வேலையில் இருந்தேன். மலேரியாவில் இரண்டாம் முறை விழுந்ததும் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சல்காரன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பானே தவிர, வெட்ட மாட்டான். பிறகு கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டை தூக்கினேன். மழையில்லாத நாட்களில் அங்கேயே படுத்தேன். மழை பெய்தால் எங்காவது ஒண்டி உட்கார்ந்திருந்தேன்.

அங்கே பழக்கமானவர்தான் சார். சர்க்கார் ஆபீஸ் கிளார்க், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோடையில் மலை மேல் குழாய்த் தண்ணீர் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வரிசையில் நிற்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெயரைக்கூடக் கேட்கவில்லை. "செடி பாத்துக்கிடத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.

தெரியும் என்றேன். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முன்னறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அது இருந்தது. மணி பிளான்ட். மெட்ராஸில் உறவுக்காரர் வீட்டில் ஒரு துண்டு ஒடித்து, கப்பலில் மடியிலேயே வைத்து அக்கா கொண்டுவந்தாராம். "மூணு நாளும் வாந்தி" என்பார் சார். "தலையப் பிடிக்க ஒரு கை வேணும்லா, அதையும் பாட்டிலுக்கே குடுத்துட்டா."

கொடியைச் சணலில் கட்டிச் சுவரோரமாக, காலண்டர் ஆணிக்கு மேலே, ரேடியோவுக்கு மேலே என்று அக்கா ஓட்டிவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் பவுடர் பாலைக் கரைத்து, துணியில் தொட்டு ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். அன்றைக்கு எனக்கும் சாருக்கும் பாலில்லாத கட்டங்காபி.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவை எல்லோரும் தீதி என்போம். அவர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "அரே, யே தோ ஜங்கல் மே பி ஹோத்தா ஹை" என்றார். காட்டிலேயே கிடக்கிறதே, இதற்கா இத்தனை சேவை என்று அர்த்தம்.

"நஹி தீதி. யே மெட்ராஸ் வாலா" என்றார் அக்கா, மெட்ராஸில் எல்லாம் படித்துவிட்டு வந்த செடி போல. தீதி போனதும் என்னிடம், "ஒரு துண்டு கேக்கதுக்குத்தான் இந்தப் பேச்சு. குடுத்தா வீட்டு லட்சுமி அந்தப் பக்கம் போயிரும். யாருக்கும் ஒடிச்சிராத, கேட்டியா?" என்றார்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு இருவரும் மெயின்லேண்ட் கிளம்பினார்கள். சாரின் தங்கைக்குக் கல்யாணம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "ஜன்னலத் திறக்காத, சாரல் ரேடியோல அடிக்கும். செடிக்குத் தண்ணி மாத்து. நான் வாறப்போ அது வாடிக் கிடந்துச்சுன்னா, நீ பெட்டியத் தூக்கிட்டு ஜெட்டிக்கே போயிரு."

சார் பின்னாலிருந்து, "அவனுக்கு ஏதுட்டி பெட்டி?" என்றார். அது உண்மைதான். ஆனால் ஜெட்டி இருந்தது. அந்த மழையை ஜெட்டியில் உட்கார்ந்தே கழிப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜன்னலை மூடிய அறையில் பகலிலும் இருட்டு. ஜன்னலைத் திறந்தால் ரேடியோவுக்கு ஆகாது, மூடினால் செடிக்கு ஆகாது. நான் சொன்னபடி மூடி வைத்தேன். தண்ணீர் மாற்றினேன். செடி என்னைக் கேட்காமல் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. கூரைக்குக் கீழே பலகைச் சுவரில் ஓர் இடுக்கு உண்டு. அதில் வெளிச்சம் தெரியும். கொடியின் நுனி சணலை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்து நகர்ந்தது. நான் கவனித்தபோது வெளியே போயிருந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன். வெளியே வேர்விட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும் என்று விட்டேன்.

கல்யாணம் முடிந்து, யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போய், அப்புறம் கப்பல் கிடைக்காமல், அவர்கள் வருவது தள்ளிக்கொண்டே போனது. உள்ளே இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. வெளியே அது சுவரைத் தாண்டி, வீட்டை ஒட்டி நின்ற பலா மரத்தைப் பிடித்தது. பிடித்தபின் அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. மேலே போகப்போக இலை பெருத்தது. முறம் போல் ஆன இலைகள், யாரோ விரலால் கிழித்துவிட்ட மாதிரி ஓரத்தில் கீறல் கீறலாகப் பிளந்தன. நான் கீழே நின்று பார்ப்பேன். பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை.

மழை ஓயும் காலத்தில் கப்பல் வந்தது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே முன்னறைக்குப் போனார். பாட்டிலிலிருந்து ஒரு மொட்டைத் தண்டு சுவரேறிப் போயிருந்தது.

"கொன்னுட்டியேடா" என்றார்.

"சாகலக்கா. வெளிய இருக்கு."

வெளியே கூட்டிப்போய்ப் பலா மரத்தைக் காட்டினேன். அக்கா அண்ணாந்து பார்த்தார். "இது காட்டுக் கொடி. யார்ட்ட கத விடுத? என் செடி எல எம்புட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"ஏ, அருவா எங்க இருக்கு?" என்றார் சார். "வீட்டு மேல ஏறிருச்சுன்னா கூரை போயிரும். வெட்டிருவோம்."

வெட்டினால் செடியும் போகும், என் வராந்தாவும் போகும். "வெட்டுங்க சார். ஆனா அக்கா முதல்ல பாட்டில்லருந்து தடவிட்டு வரட்டும்" என்றேன்.

அக்கா முறைத்துக்கொண்டே உள்ளே போனார். தண்டில் கை வைத்து, சுவரோரமாக நடந்து, இடுக்குவரை வந்தார். அதற்கு மேல் நான் வெளியிலிருந்து ஏணி பிடிக்க, அவர் ஏறித் தடவிக்கொண்டே வந்தார். இடுக்கை ஒட்டி வெற்றிலை அளவில் ஓர் இலை. அடுத்தது உள்ளங்கை அளவு. அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. அதில் ஓரத்தில் ஒரே ஒரு கீறல். அந்த இலையைப் பிடித்தபடி அக்கா வெகுநேரம் ஏணியிலேயே நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தீதி சிரித்துக்கொண்டிருந்தார். "மெட்ராஸ் வாலா?"

"ஹாம்" என்றார் அக்கா, இறங்காமலே. "மெட்ராஸ் வாலாதான். இவ்ளோ படா எல உங்க ஜங்கல்ல ஹை?"

சார் எடுத்து வந்திருந்த அரிவாளை வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. கொடியின் வேர்கள் புகுந்து பலகையை விலக்கியிருந்ததால், அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் தரையில் கொட்டியது.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லி ஒரு பலகை அடிச்சு மூடச் சொல்லிருதேன்" என்றார் சார்.

"மூடுனா தண்டு நசுங்காதா?" என்றார் அக்கா. "மழை பெஞ்சா அடியில சட்டி வைக்க ஆளு இருந்தாப் போதும். அவன் எங்கயும் போகண்டாம்."

சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடே. உனக்குப் போஸ்டிங் ஆயிட்டு."

நான் அடுப்படியிலிருந்து ஒரு சட்டியை எடுத்து வந்து வைத்தேன். அது குழம்புச் சட்டி, வேறே எடு என்றார் அக்கா.