சக்கரத்துக்கு வைத்த கல்

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ வரை படித்தவன் நான். அக்கா வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டிவந்தார். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

போன ஆடி மாதம் இருவரும் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு வாழைத்தார் ஏற்றி வந்தோம். வழியில் ஒரு சரிவில் பின் டயர் பஞ்சர். பாவா முன் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு நட்டுகளைக் கழற்றப் பார்த்தார். ஒன்று மட்டும் துருப்பிடித்து அசையவில்லை.

"இரு, எண்ணெ வாங்கியாறேன். கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்றார்.

"அதெல்லாம் வேணாம் பாவா. ஜாக்கி போட்டுத் தூக்குனா தானா வந்துடும்."

"ஆங், இஞ்சினியரு சொல்லிட்டாரு!" என்று சிரித்தபடி ஜாக்கியைப் போட்டார்.

அப்போதும் நட்டு அசையவில்லை. பாவா குனிந்து டயருக்கடியில் இருந்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொல்லாமல் முன் சக்கரத்துக் கல்லை எடுத்து வந்து, ஸ்பானர் மேல் ஓங்கித் தட்டினேன். வண்டி நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. பாவாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டபோது, "கல்லு நழுவிடுச்சு மே, உடு" என்றார் பாவா. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கி போடுகிறேன். சக்கரத்துக்கு வைத்த கல்லை யாரையும் தொட விடுவதில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாவாவுக்குச் சோறு பிசைந்து கொடுக்க எழுந்து போனாள்.