தண்ணிக்கும் எடை உண்டு

நான் கோபக்காரிதான். எங்கள் லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்டும் கோபம் வராதென்றால், ஐயா, உங்கள் உடம்பில் ஓடுவது ரத்தமா என்று நான் கேட்பேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே. என் அண்ணன் சோலைமலை இருபத்தாறு வருஷம் அங்கே கொழுந்து லொறி ஓட்டியவர். நான் பிரேமினி, பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இப்போது பதினொரு பேர். காம்பரா இருப்பது பங்களா ரோட்டின் மூன்றாவது வளைவுக்கு நேர் கீழே. மேலே ஒரு கல் உருண்டாலும் எங்கள் தகரத்தில்தான் விழும். ஒரு தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள் என்று எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதங்களை என்ன செய்கிறார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அந்த வளைவுக்கு வந்ததும் அண்ணன் இரண்டு முறை ஹோர்ன் அடிப்பார். பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடி, "லொறி மாமா!" என்று கத்துவார்கள். அது தினமும் நடப்பது.

எஞ்சின் சத்தத்தை அண்ணன் காதாலேயே எடை போடுவார். சோற்றில் கை வைத்திருக்கும்போது கீழ் ரோட்டில் பஸ் ஏறும் சத்தம் கேட்டால், "மூணாங் கியர்ல போறான் பாரு, ரெண்டுக்கு வரணும்டா" என்று முணுமுணுப்பார். ஹட்டனுக்கு பஸ்ஸில் போனாலும் அவர் இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருக்கும். "டிக்கெட்டு எடுத்ததும் நீங்க, ஓட்டுறதும் நீங்களா?" என்று அண்ணி காளியாயி கேலி செய்வாள்.

இந்த வருஷம் இடி விழுந்தது. கொழுந்து ஏற்றுவதை வெளி ஆளுக்குக் கொந்தராத்து விடப் போகிறோம், மாத முடிவில் சாவியைக் கொடுத்துவிடு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் மனுஷன் எங்கே போவார்? அந்த நேரம் பார்த்துத்தான் துஷாந்த் வந்தான். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கொழும்புக் கம்பனியின் ஆள். டீசலில் ஓடும் வீடு ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், குளிக்க ஷவர், எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களை அதில் ஏற்றி மலையெல்லாம் காட்டுவார்களாம். அண்ணன்தான் டிரைவர் என்று வாக்கும் கொடுத்தான். அண்ணி அன்றைக்கே மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை. மலை ரோட்டில் பழகிய கனரக லைசன்ஸ்காரர் ஒருவர், 'இந்த ரோட்டுக்கு எஞ்சின் பலம் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்களாம். காம்பராவுக்கு மேலே ரோட்டில் வைத்தே தாளை நீட்டினான்.

"வெறும் வண்டியா ஏறிக் காட்டுனீங்க தம்பி. பாரத்தோட பாக்கணும்," என்றார் அண்ணன்.

"தொண்ணூத்தொரு ஹோர்ஸ் பவர்ணே! ஹைவேல நூறுல வந்திச்சு."

"வேகம் வேற, இழுவை வேறங்க. குதிரைய எண்ணாதீங்க, அது எதை இழுக்கணும்னு எண்ணுங்க. இங்க ஒசரத்துல காத்தும் கொறைவு, எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டாங்கில தண்ணிய நெரப்புங்க. ஆறு பேர ஏத்துங்க. வளைவுல நிப்பாட்டி எடுத்துப் பாப்போம்."

துஷாந்த் சிரித்தான். "இருநூறு லீட்டர் தண்ணி. தண்ணியெல்லாம் ஒரு வெயிட்டாண்ணே?"

அந்த நேரம் பகல் கொழுந்தை நிறுத்துவிட்டு எடை மடுவத்திலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் காளியாயி அண்ணி. ஒரு வாரமாக ஒரு சொட்டு மழையில்லை. இலை காய்ந்து சருகாய்க் கிடக்கிறது. அப்படியிருந்தும் இலை ஈரமென்று சொல்லி ஆளுக்கு இரண்டு கிலோ 'தண்ணிக்கு' வெட்டியிருந்தார் கணக்கப்பிள்ளை. அந்தக் கடுப்போடு வந்தவள் காதில் இந்தப் பேச்சு விழுந்தது.

"என்னா சொன்னீங்க? தண்ணிக்கு எடை இல்லையா?" அண்ணி கூடையைத் தொப்பென்று ரோட்டில் வைத்தாள். "எங்க கொழுந்துல இல்லாத தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுறாங்க! ஒங்க டாங்கில இருக்கிற தண்ணிக்கு எடை இல்லையா? எந்த ஊரு தராசுங்க அது? அந்தத் தராச எங்க மடுவத்துக்குக் கொண்டாந்து வைங்க சாமி, நாங்க பொழச்சிக்கிறோம்!"

பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துஷாந்தின் முகம் சிவந்துவிட்டது. வேறு வழியில்லாமல் குழாயைப் பூட்டித் தண்ணீர் நிரப்பினான். ஆறு பெண்கள், "வெள்ளக்காரி வாறா, வழி விடுங்கடி" என்று கிண்டலடித்துக்கொண்டு ஏறி மெத்தையில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "பிரேமினி, மொதல்ல புள்ளைங்கள கோயில்கிட்ட கூட்டிட்டுப் போயிரு."

பிள்ளைகளைக் கோயிலடியில் பேச்சியம்மா பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நான் ரோட்டுக்கு ஓடி வந்தேன். வளைவின் நடுவில் வண்டி நின்றது. பின் சக்கரங்களுக்கு ஒரு முழம் பின்னால் தள்ளிப் பெரிய கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்திருந்தார் அண்ணன். காலையில் வண்டிக்குப் பூசை போட்டபோது முன் சக்கரத்தில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தில் ஒன்று மீதி இருந்தது. அதை எடுத்துப் பின் சக்கரத்தை ஒட்டி, பின்பக்கமாக வைத்தார்.

"இது நசுங்காம வண்டி மேல போச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

ஏறி உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கை விட்டார். எஞ்சின் அலறியது. கரும்புகை வளைவையே மறைத்தது. கிளட்ச் கருகுகிற நாற்றம் மூக்கைத் துளைத்தது. வண்டி ஒரு விரற்கடை முன்னே போனது, நடுங்கியது, பிறகு பின்னால் சறுக்கி 'டங்' என்று கல்லில் இடித்து நின்றது. பழம் சப்பையாகிக் கிடந்தது.

"உங்களுக்கு இந்த மாதிரி வண்டி பழக்கமில்லண்ணே," என்றான் துஷாந்த். இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனுஷனைப் பார்த்து! பெண்களை இறக்கிவிட்டு அவனே ஏறி ஓட்டிப் பார்த்தான். அப்போதும் வண்டி கல்லில்தான் வந்து இடித்தது. இறங்கியவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"காம்பராவ வேற எடத்துக்கு மாத்தச் சொல்லிக் கம்பனியில பேசுறேன்ணே. நீங்க இப்ப சைன் பண்ணுங்க. வேலை உங்களுக்குத்தான்."

எட்டு வருஷமாக ஒரு சுவருக்குக் காசில்லை. இவன் வண்டி ஏறுவதற்காகப் பிள்ளைகளைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பானாம்! என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அண்ணன் என்னைப் பேசாதே என்று கைகாட்டினார். அண்ணியைப் பார்த்தார். அடுத்த மாதம் அடுப்பெரிய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் கூடையிலிருந்த பேனையை எடுத்து நீட்டினாள், கொழுந்துத் துண்டுச் சீட்டில் கிலோவைக் குறித்து வைக்கிற பேனை.

அண்ணன் தாளை வண்டியின் மேலேயே வைத்து எழுதினார். 'எஞ்சின் பலம் போதாது. தண்ணிக்கும் எடை உண்டு.' அதற்குக் கீழே முழுப்பெயர், லைசன்ஸ் நம்பர், கையெழுத்து.

வண்டியைப் பின்பக்கமாகவே இறக்கிக் கொழும்புக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அப்போதும் வளைவு வளைவாகக் கைகாட்டி இறக்கிவிட்டவர் அண்ணன்தான். ஒரு நன்றி? ம்ஹூம். ஆபீஸில் இருந்தும் ஒருவர் வாய் திறக்கவில்லை. சுவர் இன்னும் வரவில்லை. அண்ணியின் கொழுந்தில் இன்றைக்கும் இரண்டு கிலோ வெட்டுகிறார்கள்.

மாத முடிவில் அண்ணன் லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் அதே மூன்றாவது வளைவு வழியாக மலைக்கு நடந்து போகிறார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவரைக் கண்டதும் பதினொன்றும் வாசலுக்கு ஓடி, "லொறி மாமா! லொறி மாமா!" என்று கத்துகின்றன.

எனக்கு நெஞ்சு பற்றி எரியும். அவர் நின்று, வாயாலேயே இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார்.